யாருக்கோ வாசிக்கப்பட்ட எண்கள்

முதலில் ஒரு இசைப்பெட்டி. சாயங்காலம் தெருவில் வரும் ஐஸ் வண்டி மாதிரி ஒரு மெட்டு, கொஞ்சம் சுருதி விலகி. இரைச்சல். பிறகு ஒரு குழந்தைக் குரல் ஜெர்மனில் "ஆக்டுங்!" என்று அதட்டுகிறது. அதன்பின் எண்கள். ஐந்தைந்தாக, ஏற்ற இறக்கமே இல்லாமல், நிறுத்தாமல் எண்கள்.

"நள்ளிரவில் தனியாகக் கேட்கக் கூடாத பத்து ஒலிகள்" என்ற பாணியில் யூடியூபில் வரும் காணொளிகளில் இதற்கு நிரந்தர இடம் உண்டு. ஆர்வலர்கள் வைத்த பெயர் 'ஸ்வீடிஷ் ராப்சடி'. பின்னணியில் கருப்புத் திரை, ஒரு பழைய வால்வு ரேடியோ படம், ஆழமான குரலில் ஒருவர் "இது என்னவென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது" என்பார். அது சும்மா ஒரு பேச்சு. நன்றாகவே தெரியும். அந்தக் குழந்தை குழந்தையே அல்ல, கிழக்கு ஜெர்மனி தயாரித்த ஒரு பேச்சு இயந்திரம். ஒலிபரப்பியது போலந்தின் உளவுத்துறை. கேட்க வேண்டியவர் எங்கோ மேற்கு ஐரோப்பாவில், கையில் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்த ஓர் ஆள். மற்ற எல்லோரும் ஒட்டுக்கேட்டவர்கள்தான்.

இந்த ஒலிகளை இணையத்துக்குக் கொண்டுவந்ததில் பெரிய பங்கு ஒரு தொகுப்புக்கு உண்டு. 1997இல் லண்டனைச் சேர்ந்த இர்டியல் என்ற சிறிய இசை வெளியீட்டு நிறுவனம் 'தி கோனெட் ப்ராஜெக்ட்' என்ற தலைப்பில் நான்கு குறுந்தகடுகளை வெளியிட்டது. தொகுத்தவர் அகின் ஃபெர்னாண்டஸ். சிற்றலை வானொலியில் பல பத்தாண்டுகளாக ஒலித்துக்கொண்டிருந்த 'எண் நிலையங்களின்' பதிவுகள், ஏறத்தாழ 150. பின்னர் நிறுவனமே அதை இலவசமாக இணையத்தில் போட்டுவிட்டது. 2013 மறுபதிப்பில் ஐந்தாவது தகடும் சேர்ந்தது. இன்று பழைய வானொலி, பழைய கேசட், பழைய கணினி என்று இணையத்தில் அலையும் எவரும் ஏதாவது ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு இதன்மேல் வந்து முட்டிக்கொள்வார்கள்.

இதை ஒரு படைப்பாக எடுத்துக்கொண்டு பேசலாம் என்று நினைக்கிறேன். உலகம் முழுக்க அப்படித்தான் அது வாசிக்கப்படுகிறது. வில்கோ என்ற அமெரிக்க இசைக்குழுவின் 2002ஆம் ஆண்டு இசைத்தொகுப்புக்கு 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்' என்ற பெயர் வந்ததே இதிலுள்ள ஒரு பதிவிலிருந்துதான். அதே பதிவை அனுமதியின்றிப் பாட்டுக்குள்ளும் சேர்த்தார்கள். வழக்கு வந்தது, கடைசியில் பணம் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். ரகசியமாக ஒலிபரப்பியவர்கள் யாரும் வந்து உரிமை கேட்க மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்தவருக்கு உரிமை உண்டா என்பதுதான் அங்கே கேள்வி. விசித்திரமான வழக்கு, ஆனால் நம் விஷயம் வேறு.

எண் நிலையம் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். உளவாளியிடம் ஒரு குட்டிப் புத்தகம் இருக்கும். பக்கம் பக்கமாக எந்த ஒழுங்கும் இல்லாத எண்கள். அனுப்புகிறவரிடமும் அதே புத்தகம். அனுப்ப வேண்டிய செய்தி எண்ணாக மாறி 47315 என்று நிற்கிறது என்று வையுங்கள். புத்தகத்தில் அன்றைய எண் 85902. இலக்கம் இலக்கமாகக் கூட்டி, பத்தைத் தாண்டினால் கையிருப்பை விட்டுவிட வேண்டும். 22217 வரும். வானொலியில் வாசிக்கப்படுவது இந்த 22217. கேட்பவர் கழித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தைக் கிழித்து எரித்துவிடுவார். ஒரு பக்கம், ஒரே ஒரு தடவைதான். இதை உடைக்கவே முடியாது என்று க்ளாட் ஷானன் கணிதமாகவே நிறுவி 1949இல் வெளியிட்டார். ஏனென்றால் வேறொரு புத்தகத்தை வைத்துக் கழித்தால் அதே 22217க்கு வேறொரு அர்த்தம் வரும். எந்த அர்த்தமும் வரும்.

தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைகளைப் புரட்டியவர்களுக்கு இங்கே ஒரு புன்னகை வரலாம். ஆசிரியன் இறந்துவிட்டான், வாசகன்தான் பிரதியை உண்டாக்குகிறான் என்று நாம் எவ்வளவு மல்லுக்கட்டியிருக்கிறோம்! இங்கே ஆசிரியனுக்குப் பெயரில்லை, முகமில்லை, குரல்கூட இயந்திரத்துடையது. பிரதி முழுக்க முழுக்க வெளிப்படை. ஆனால் அர்த்தம் ஒரே ஒரு வாசகரின் சட்டைப்பையில் இருக்கிறது. மற்றவர்களுக்கு எத்தனை வாசிப்புச் சுதந்திரம் வேண்டுமானாலும் உண்டு, ஒரு பிரயோஜனமும் இல்லை.

சரி, தொகுப்புக்கு வருவோம். கோனெட் ப்ராஜெக்ட்டை முழுதாகக் கேட்பது சுகமான காரியம் அல்ல. அதைக் குறையாகச் சொல்லவில்லை. இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்து வருவதும், நடுவில் வேறு ஏதோ நாட்டின் செய்தி வந்து மோதிப் போவதும், திரும்பவும் குரல் கரை ஏறுவதும், இதையெல்லாம் சுத்தம் செய்யாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, அந்த முடிவு ஒரு கலைஞனின் முடிவு. சிற்றலையின் உடம்பே அந்த இரைச்சல்தான். பூமிக்கு மேலே சில நூறு கிலோமீட்டரில் இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும் அலை அது. பகலில் ஒரு மாதிரி, இரவில் ஒரு மாதிரி. சூரியனில் கரும்புள்ளிகள் கூடினால் ஒரு மாதிரி, பதினோரு வருடச் சுழற்சியில் அவை குறைந்தால் வேறு மாதிரி. க்யூபாவில் ஒரு பெண் "அதென்சியோன்" என்று சொன்னது வாஷிங்டனில் ஒரு அடுக்ககத்தில் கேட்பதற்குச் சூரியனும் ஒத்துழைக்க வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. நான்கு தகடுகளில் 150 பதிவுகள் என்றால் ஒன்றுக்குச் சராசரியாக இரண்டு நிமிடம்தான். 'லிங்கன்ஷயர் போச்சர்' என்று ஒரு நிலையம் இருந்தது. ஒரு ஆங்கில நாட்டுப்புறப் பாட்டின் முதல் சில சுரங்களை வாசித்துவிட்டு எண்களைச் சொல்லத் தொடங்கும். சைப்ரஸ் தீவில் உள்ள பிரிட்டிஷ் விமானப்படைத் தளத்திலிருந்து வருகிறது என்று ஆர்வலர்கள் திசை பார்த்துக் கண்டுபிடித்தார்கள். 2008இல் நின்றுபோனது. அதன் ஒவ்வொரு ஒலிபரப்பும் நாற்பத்தைந்து நிமிடம். முதல் பத்து நிமிடம் வெறும் மெட்டும் அழைப்பு எண்ணும், திரும்பத் திரும்ப. பிறகு இருநூறு ஐந்திலக்கத் தொகுதிகள், ஒவ்வொன்றும் இருமுறை. அந்த நாற்பத்தைந்து நிமிட அலுப்புதான் எண் நிலையத்தின் உண்மையான அனுபவம். கேட்பவர் ஒரு இலக்கத்தைத் தவறவிட்டால்கூடச் செய்தியில் ஒரு ஓட்டை விழும். வேர்க்கும், பென்சில் முனை ஒடியும், பக்கத்து வீட்டில் யாரோ மிக்ஸி போடுவார்கள். இரண்டு நிமிடத் துண்டாக நறுக்கிக் கொடுக்கும்போது இந்த வேலை முழுக்கக் காணாமல் போய்விடுகிறது, மர்மம் மட்டும் எஞ்சுகிறது. அலுப்பைக் கழித்தால் கிடைப்பது மர்மம் என்றால் அது என்ன மர்மம்?

இணையத்தில் கடந்தகாலம் நமக்குக் கிடைக்கும் விதமே பெரும்பாலும் இதுதான். இரண்டு நிமிடத் துண்டு. கேசட்டில் பென்சிலை விட்டுச் சுற்றும் கை தெரியும், தூர்தர்ஷன் முகப்பு இசை பதினைந்து நொடி கேட்கும், ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை குத்திய பக்கம் ஒன்று புகைப்படமாக வரும். (இந்தியாவில் வானொலிப் பெட்டி வைத்திருக்க எண்பதுகளின் நடுப்பகுதி வரை அஞ்சலகத்தில் வருடாவருடம் பணம் கட்டி லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும் என்று இன்றைய இருபது வயதுக்காரரிடம் சொன்னால், கதை விடுகிறோம் என்று நினைப்பார்.) பொருள் வருகிறது. அதோடு ஒட்டியிருந்த காத்திருப்பு வருவதில்லை.

சிற்றலை கேட்பது ஒரு காலத்தில் முறையான பொழுதுபோக்கு. 'டிஎக்ஸிங்' என்பார்கள். தூரத்து நிலையங்களைத் தேடிப் பிடிப்பது. முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஒரு நிலையத்தைப் பிடித்து, அரை மணி நேரம் கேட்டு, என்ன கேட்டது என்று எழுதி நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். தேதி, கிரீன்விச் நேரம், அலைவரிசை, நிகழ்ச்சி விவரம், அப்புறம் 'சின்போ' என்ற தர எண். ஒலியின் வலிமைக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண், பிற நிலையக் குறுக்கீட்டுக்கு ஓர் எண், இரைச்சலுக்கு ஒன்று, அலை தடுமாற்றத்துக்கு ஒன்று, மொத்தத்துக்கு ஒன்று. 55555 என்றால் அட்டகாசம். 35343 என்றால் ஏதோ பரவாயில்லை. கடிதம் கடல் தாண்டிப் போகும். அறிக்கை சரியாக இருந்தால் நிலையம் 'ஆம், நீங்கள் கேட்டது எங்களைத்தான்' என்று உறுதிப்படுத்தி ஒரு வண்ண அட்டை அனுப்பும். க்யூஎஸ்எல் அட்டை. சேகரிப்பாளர்களின் பெருமை அந்த அட்டைகள்தான்.

கவனித்தீர்களா? இங்கும் ஐந்திலக்கம். உளவாளிக்கு வானத்திலிருந்து ஐந்திலக்கம் இறங்கியது. பொழுதுபோக்குக்காரர் தபால்பெட்டியில் ஐந்திலக்கம் போட்டார். ஒருவர் பதில் சொல்லவே கூடாது, சொன்னால் மாட்டிக்கொள்வார். இன்னொருவருக்குப் பதில் சொல்வதுதான் விளையாட்டே. உலகிலேயே அதிகமாக ஒட்டுக்கேட்டவர்கள் இந்த டிஎக்ஸர்கள்தான், ஆனால் ஒட்டுக்கேட்டதைக் கையெழுத்துப் போட்டுச் சொன்னவர்களும் அவர்களேதான். எண் நிலையங்களைத் தேதிவாரியாகப் பட்டியலிட்டு, ஆங்கிலத்துக்கு ஈ, ஜெர்மனுக்கு ஜி, ஸ்லாவிய மொழிகளுக்கு எஸ் என்று வரிசை எண் கொடுத்து ஒழுங்குபடுத்தியதும் இவர்கள் கூட்டம்தான். கோனெட் ப்ராஜெக்ட் இவர்களின் உழைப்பின் மேல் நிற்கிறது. உலகம் அதைத் திகில் சமாச்சாரமாகக் கேட்க ஆரம்பித்தபோது அந்தக் குறிப்பேடுகள் பின்னால் போய்விட்டன.

தமிழில் இந்தப் பொழுதுபோக்குக்கு 'நேயர்' என்ற அழகான சொல் கிடைத்தது. கேட்பவர் அல்ல, நேயர். அன்புள்ளவர். இலங்கை வானொலியின் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது குரல்களைப் பற்றித் தமிழ்நாட்டில் எழுதப்பட்ட நினைவுக் கட்டுரைகளை அடுக்கினால் ஒரு அலமாரி நிறையும். சீன வானொலி 1963இல் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதற்குத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நேயர் மன்றங்களே இருந்தன. தபால் அட்டை, நாட்காட்டி எல்லாம் பெய்ஜிங்கிலிருந்து வந்தன. இவற்றைப் பற்றி எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு புகார் உண்டு. எல்லாக் கட்டுரையிலும் ஒரே டீக்கடை, ஒரே மர்பி ரேடியோ, ஒரே மழைச்சாயங்காலம். கேட்பது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதைத்தான் எழுதுகிறார்கள். கேட்பது எவ்வளவு கடினம் என்பது யாருடைய ஞாபகத்திலும் இல்லை.

ஒரே ஒரு இடத்தில் அந்த ஞாபகம் வேறு மாதிரி இருக்கிறது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பொருளாதாரத் தடை இருந்தது. மின்சாரம் இல்லை. பேட்டரியும் தடைசெய்யப்பட்ட பொருள். ஆனால் பிபிசி தமிழோசையை, வெரித்தாஸைக் கேட்டே ஆக வேண்டும். எங்கே குண்டு விழுந்தது, எந்தப் பாதை மூடியது, பேச்சுவார்த்தை என்னவாயிற்று என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்துவார்கள். டைனமோவிலிருந்து வயரை ரேடியோவுக்கு இழுப்பார்கள். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். சுற்றுகிறவரின் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சோர்ந்து தேய்ந்துபோகும். அந்த நாட்களைப் பற்றி அங்கிருந்து வந்தவர்கள் எழுதியதிலும் பேசியதிலும் இந்தக் காட்சி மறுபடி மறுபடி வருகிறது. சிலர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள்.

அந்தச் சைக்கிளுக்குச் சின்போ எண் எவ்வளவு போடுவது? வலிமை பெடலைப் பொறுத்தது, இரைச்சல் வானத்தில் பறப்பதைப் பொறுத்தது.

இதைச் சொல்வது டீக்கடைக்காரர்களை மட்டம் தட்ட அல்ல. நாம் 'பழைய ரேடியோ' என்று ஒரே வார்த்தையில் சுருட்டி வைத்திருப்பதற்குள் எத்தனை விதமான காதுகள் இருந்தன என்று காட்டத்தான். பொழுதுபோக்குக்குக் கேட்ட காது, சேகரிப்புக்குக் கேட்ட காது, பிழைத்திருக்கக் கேட்ட காது, எண்களுக்காகக் கேட்ட காது. இணையத்தின் ஏக்க வியாபாரம் இவை எல்லாவற்றுக்கும் ஒரே வடிகட்டியைப் போடுகிறது. ஒரு பழுப்பு நிறம், கொஞ்சம் கீறல் ஒலி.

கோனெட் ப்ராஜெக்ட்டின் கதையிலும் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு பக்கம் உண்டு, திகில் காணொளிகள் அதைத் தொடுவதில்லை. 1998 செப்டம்பரில் மயாமியில் க்யூபாவின் உளவாளிகள் கைதானார்கள். அவர்களுக்குச் செய்தி வந்தது இதே சிற்றலை எண்களில்தான். அதற்கு மூன்று வருடம் முன்பே எஃப்பிஐ அவர்களில் ஒருவரின் வீட்டுக்குள் ரகசியமாகப் புகுந்து மறைமொழியை அவிழ்க்கும் கணினி நிரலைப் பிரதி எடுத்திருந்தது. ஆகவே சில செய்திகள் நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டன. பெயரில்லாத அந்த எண்களுக்குள் என்ன இருந்தது என்று உலகம் முதன்முறையாகப் பார்த்தது. இன்னாருடன் நட்பை வலுப்படுத்திக்கொள்ளுங்கள் என்று ஒன்று. எல்லாப் பெண் தோழர்களுக்கும் மகளிர் தின வாழ்த்துகள் என்று ஒன்று. ஆமாம், மகளிர் தின வாழ்த்து! ஒரு அரசாங்க அலுவலகத்தின் சுற்றறிக்கை மாதிரி. இன்னொரு செய்தி, குறிப்பிட்ட சில தேதிகளில் நம் ஆட்கள் யாரும் அந்த அமைப்பின் விமானங்களில் பறக்க வேண்டாம் என்றது. மயாமியிலிருந்து இயங்கிய க்யூப எதிர்ப்பு அமைப்பு அது. தேதிகளில் முதலாவது 24. 1996 பிப்ரவரி 24 அன்று அந்த அமைப்பின் இரண்டு சிறிய விமானங்களைக் க்யூபப் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. நால்வர் இறந்தார்கள்.

வாழ்த்தும் எச்சரிக்கையும் ஒரே தொனியில்தான் வாசிக்கப்பட்டிருக்கும். கேட்பவருக்கு வித்தியாசம் தெரிந்தது கழித்துப் பார்த்த பிறகுதான். "அமானுஷ்யம்" என்று இந்த ஒலிகளை வர்ணிக்கிறவர்கள் தப்பான இடத்தில் பயப்படுகிறார்கள். இதில் அமானுஷ்யம் ஒன்றுமில்லை, எல்லாம் மனுஷ்யம். அமெரிக்க ராணுவ உளவுத்துறையில் க்யூபா விவகாரங்களின் நிபுணராக இருந்துகொண்டே பதினாறு வருடம் க்யூபாவுக்கு வேலை பார்த்த ஆனா பெலென் மோன்டெஸ், சாதாரண சோனி சிற்றலைப் பெட்டி ஒன்றில்தான் தன் எண்களைக் கேட்டார். 2001 செப்டம்பரில் கைதாகி, 2023 ஜனவரியில்தான் வெளியே வந்தார். அந்தப் பெட்டியைக் கடையில் யாரும் வாங்கலாம். ஒரு உளவாளிக்கு அதைவிடப் பாதுகாப்பான கருவி கிடையாது, ஏனென்றால் வானொலி கேட்பவர் எந்தத் தடயத்தையும் விட்டுச் செல்வதில்லை. நாம் இன்று ஒரு காணொளியைத் திறந்த கணமே எங்கிருந்து, எந்தக் கருவியில், எத்தனை நொடி என்பது எங்கோ பதிவாகிவிடுகிறது. கேட்பவரைத் திரும்பக் கேட்காத கடைசி ஊடகம் சிற்றலைதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

இப்போது கேட்க வேண்டும் என்றால் ரேடியோ பெட்டிகூட வேண்டாம். நெதர்லாந்தின் என்ஷெடே நகரில் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் ஒரு சிற்றலை ஏற்பியை 2008இலிருந்து இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். உலகின் எந்த மூலையிலிருந்தும் அதன் முள்ளை நகர்த்தலாம், ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள், ஆளுக்கொரு அலைவரிசையில். திரையில் அலைகள் அருவி மாதிரி ஓடுகின்றன. 4625 கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் ரஷ்யாவின் புகழ்பெற்ற 'பஸ்ஸர்' கேட்கும். நிமிடத்துக்கு ஏறக்குறைய இருபத்தைந்து தடவை, வருடக்கணக்காக, ஒரே உறுமல். எப்போதாவது உறுமல் நின்று ஒரு ஆண் குரல் சில பெயர்களையும் எண்களையும் சொல்லும். அவ்வளவுதான்.

இந்தப் பொறி எனக்குக் கோனெட் தொகுப்பைவிடப் பிடிக்கிறது. காரணம் எளிது, இதில் அலுப்பு நறுக்கப்படவில்லை. ஒன்றும் நடக்காமல் ஒரு மணி நேரம் போகும். ஐரோப்பாவில் விடியும்போது தூர நிலையங்கள் ஒவ்வொன்றாக அமிழ்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் அருவியில் இடைவெளிகளும் நிறைய. இங்கே அலைவரிசைகளைப் பிடித்திருந்த பெரிய நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்டன. 1941இல் தொடங்கிய பிபிசி தமிழோசை 2017 ஏப்ரல் 30 அன்று தன் வானொலி ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. எல்லாம் இணையத்துக்குப் போயிற்று, அங்கே சின்போ எண் போட எதுவும் இல்லை.

எண்கள் மட்டும் முழுதாகப் போகவில்லை. க்யூபாவின் நிலையம் இன்றும் ஒலிபரப்புகிறது. ஒரு பெண் குரல் ஸ்பானிஷில் ஐந்திலக்கம் சொல்லும், உடனே மோடம் கரகரப்பு மாதிரி ஒரு சத்தத்தில் தரவு போகும், மறுபடி குரல். இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒரு அரசாங்கம் இதற்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்றால், அந்தப் பக்கம் யாரோ காகிதத்தோடோ கணினியோடோ உட்கார்ந்திருக்க வேண்டும்.

தொகுப்பின் தலைப்பைப் பற்றிச் சொல்லவில்லையே. 'கோனெட்' என்று எந்த மொழியிலும் ஒரு சொல் இல்லை. எண்களை வாசித்து முடித்ததும் சில ஸ்லாவிய நிலையங்கள் 'கோனெட்ஸ்' என்று சொல்லும். முடிந்தது என்று அர்த்தம். இரைச்சலில் கடைசி எழுத்து காதில் விழாமல் போக, கேட்டவர் கேட்டபடியே எழுதிவைத்தார். நான்கு தகடுகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது அட்டையிலுள்ள அந்தச் சொல்தான். அந்த ஒரு இடத்தில் மட்டும் கேட்டவரின் காதை நம்மால் கேட்க முடிகிறது.